மிதந்த கம்பி

அன்று கம்பி மிதந்தது உன் கட்டால் அல்ல, என் அவசரத்தால். பழியை உன் தலையில் போட்டவனும் நான்தான்.

என் அடையாறு வீட்டு மொட்டைமாடியில் அவரைக் கொடிக்கு ஊன்றிய குச்சி இன்று கையில் தட்டுப்பட்டது. நம் வேலையில் மிஞ்சிய கண்ணாடியிழைக் கம்பி. உப்புக் காற்றில் மாடிக் கதவின் கீல்கூட உதிர்கிறது; இது அப்படியே இருக்கிறது. கடலோரத்தில் பிள்ளைகள் ஸ்கேட் பலகையில் சறுக்குவதற்கு வளைவான காங்கிரீட் தளம் போட்டோமே, இரும்பு துருப்பிடிக்கும் என்றுதான் அங்கே இதை இறக்கினார்கள்.

"நைனா, இது காங்கிரீட்ல மெதக்கும்னு இஞ்சினியரம்மா சொல்லிச்சே. முடிச்சுக்கு முடிச்சு கீழ இழுத்துக் கட்டணும்" என்று மேஸ்திரியான என்னிடம் சொன்னாய்.

நானாகச் சோதிக்காமல் எதையும் நம்பியவன் இல்லை நான். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டேன். மூழ்கியது.

"பாத்தியா? இன்னா மெதக்குது, உன் தலையா?"

ஆட்கள் சிரித்தார்கள். "தண்ணி வேற, காங்கிரீட் வேற நைனா" என்று முனகினாய். கலவை லாரி வந்து நின்றது. பாதி கட்டியிருந்தபோதே உன்னை எழுப்பிவிட்டேன். கலவையை அதிரவைக்கும் வைப்ரேட்டர் ஓடியதும் சரிவின் மேற்பகுதியில் கம்பிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து முதுகு காட்டின. தண்ணீரைவிடக் காங்கிரீட் கனம் என்பதை என் வாளி சொல்லவில்லை.

இஞ்சினியரம்மா கேட்டபோது, "இவன் கட்டு சரியில்லம்மா" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். கையைத் துடைத்துக்கொண்டு, "நான் வரேன் நைனா" என்று கிளம்பிவிட்டாய்.

ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. சிந்தாதிரிப்பேட்டைக் குடிசைகளை இடித்து உங்களை ஊருக்கு வெளியே அனுப்பியபோதும் இப்படித்தான் வாய் திறக்காமல் சாமான் கட்டினாய்.

உன்னோடு கம்பி கட்டிய உன் மகள் அமுதாவையும் அதன்பிறகு யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. உன் சாவுக்கு நான் வந்தபோது, "அப்பா கட்டுனது தப்பா மாமா?" என்று கேட்டாள். மாலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கம்பி மேலே வந்த இடமெல்லாம் இப்போது வெடிப்பு. அந்தச் சரிவை உடைத்துப் புதிதாகப் போடப்போகிறார்கள். நடந்ததை இஞ்சினியரம்மாவிடம் நான் நேரில் சொல்ல வேண்டும், அன்று சிரித்த ஆட்களின் முன்னால். அவர் அமுதாவை அழைக்க வேண்டும். கம்பி அவள்தான் கட்ட வேண்டும். அவள் கைகாட்டும்வரை லாரிக்காரர் கலவையைக் கொட்டக்கூடாது. நான் வாளியைத் தொடக்கூடாது.