நாளைக்கு வைத்த மறுப்பு

உச்சி நிலையம். நாள் 118. காலை 6.10

சூரிய மின்தகடுகள் அனைத்தும் நலம். தொலைநோக்கியின் ஆடி சீரான வெப்பத்தில் இருக்கிறது. நேற்றைய வானில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பூமியோடு தொடர்பு தெளிவு. உடல் துடைத்து, நீறணிந்து, பதிகம் ஓதி, சந்நிதி விளக்கை ஏற்றினேன். விரல்நுனி அளவுள்ள மின்விளக்கு அது. இங்குள்ள நிலவுப் புழுதியும் திருநீற்றின் நிறமே. ஆனால் பூசலாகாது, தோலைக் கிழிக்கும்.

இப்பதிவை எவர் வாசிப்பீரோ அறியேன். ஆகையால் இடத்தைச் சொல்லிவைக்கிறேன். நிலவின் தென்கோடியில், ஒரு பெரும்பள்ளத்தின் விளிம்பில், வெயில் நீங்காத இடத்தில் இந்நிலையம் இருக்கிறது. இங்கே இருப்பவன் நான் ஒருவன், தாண்டவராயன். பள்ளத்தின் அடியில், வெயில் என்றுமே படாத இருளில், பனிக்கட்டி அகழும் கீழ்நிலையம். அங்கே எழுவர். இரண்டையும் ஒரு வடம் இணைக்கிறது. அதில் மின்சாரம் இங்கிருந்து இறங்கும். பேச்சு இருவழியும் செல்லும். அம்மின்சாரத்தால் மூன்று காற்றுப்பொறிகள் ஓடுகின்றன: கீழே கூடத்தில் ஒன்று, நோயறையில் ஒன்று, என் அறையில் ஒன்று.

எவர்க்கு எவ்வளவு என்று பகிர்ந்தளிப்பது நடுவர். நடுவர் மனிதர் அல்லர். நிருவாகம் இரு நிலையத்திலும் நிறுவிய கணினி. அது விண்ணப்பம் கேட்பதில்லை. இரு நிலையத் தலைவரும் வடத்தில் பேசுவதைச் செவிமடுத்தபடி இருக்கும். இருவர் கருத்தும் ஒன்றில் ஒத்தால் அது ஒப்பம்; அதுவே ஆணையாகும். நிருவாகம் இதனை மக்களாட்சி என்று அழைக்கிறது. நானும் கீழ்நிலையத் தலைவியும் எதிலும் ஒத்துப்போவதில்லை ஆதலின், இதுவரை நடுவருக்கு வேலை குறைவு.

நாள் 118. மாலை 5.40

மாலை வாதம் முடிந்தது. தலைவியின் பெயர் இன்பரசி. காசிமேட்டுக்காரர்; துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் மகள். கடவுள் இல்லை என்பார். இல்லாத கடவுள்மீது அவ்வளவு சினம் ஏன் என்று கேட்டால் என் விளக்கைப் பற்றிப் பேசத் தொடங்குவார். அவர் குரலைக் கேட்டாலே என் குருதி கொதிக்கிறது. ஆயினும் மாலைதோறும் வடத்தருகே போய் அமர்கிறேன்.

“இன்னா சாமி, வெளக்கு ஏத்தியாச்சா? ஊரு கரண்டுல உன் சாமிக்கு வெளிச்சமா?”

“உங்க ஆளுங்க பாட்டுக் கேக்கற ஸ்பீக்கர் இதைப்போல நூறு மடங்கு இழுக்குது, அம்மணி. அது யார் கரண்டு?”

“பாட்டு எல்லாருக்கும். சாமி உனக்கு மட்டும்.”

“சாமிதான் எல்லாருக்கும். பாட்டு காது உள்ளவனுக்கு மட்டும்.”

“நல்லாத்தான் பேசுற. வேலைதான் ஒண்ணும் செய்யல. நட்சத்திரம் பாக்க ஒரு ஆளு, அவனுக்கு ஒரு காத்துப்பொறி. தெண்டச்சோறு.”

பின்னர் ஒப்பந்தத் தொழிலாளர்க்கு வாக்குரிமை உண்டா என்ற கேள்வி எழுந்தது. ஒரு பருவம் உழைத்துவிட்டுப் போகிறவர் இவ்விடத்தின் சட்டத்தை எழுதலாகாது என்றேன்.

“இங்க மூச்சு விடறவனுக்கு இங்க ஓட்டு. அவ்ளோதான்.”

“மூச்சுதான் தகுதின்னா பம்புக்கும் ஒரு ஓட்டுக் குடுங்க.”

“பம்பாவது வேலை செய்யுது.”

கீழே பலர் சிரிப்பது கேட்டது. எங்கள் சண்டை அவர்களுக்குக் கூத்து. நோயறையிலிருந்து தொம்மையும் பேசினார். அகழும்போது எந்திரம் வெடித்து நுரையீரல் வெந்தவர் அவர். நோயறைப் பொறி தரும் செறிந்த காற்று இல்லாவிடில் அவரால் மூச்சு விட இயலாது. மீட்புக் கலத்திற்காகக் காத்திருக்கிறார்.

“நிறுத்திராதீய. ஒங்க ரெண்டு வேரு சண்டையக் கேக்காம எனக்கு ஒறக்கம் வராதுல்லா.”

இவ்வாதத்திற்கு நான் விதித்த முறை ஒன்றுண்டு. எங்கள் சமய மரபில் எதிராளியின் கொள்கையை முதலில் நாமே எடுத்துரைக்க வேண்டும். அதற்குப் பரபக்கம் என்று பெயர். எதிராளியே வியக்கும் வண்ணம், ஒரு குறையும் வையாது அதனைக் கட்டவேண்டும். பிறகே மறுப்பு. மறுப்பை நான் மறுநாளைக்கு வைப்பேன். ஓர் இரவு அது கேட்டவர் நெஞ்சில் ஊறட்டும் என்பதற்காக. இன்பரசி இதனை ‘சாமியோட ரெண்டு நாள் கடை’ என்று எள்ளுவார்.

ஒன்றை மறைத்தலாகாது. ஒரே ஒரு பொருளில் இருவரும் ஒத்திருக்கிறோம். மேடையில் வசைபாடிவிட்டுச் ‘சினத்தில் சொன்னேன்’ என்று பின்வாங்கும் அரசியலாரைப் பற்றிய பேச்சு அது. சினத்தில் வருவதே ஒருவரது மெய்க்கருத்து என்று அவர் சொன்னார். ஆம் என்று நானும் சொன்னேன். ஒத்துப்போனதில் அன்று இருவருக்கும் வெட்கமாக இருந்தது.

நாள் 121. மாலை 6.05

பூமியில் ஏதோ ஒரு நாட்டில், உழைக்காதவருக்கு உணவுப் பங்கீடு இல்லை என்று சட்டம் செய்திருக்கிறார்களாம். செய்தி கேட்டது முதல் இன்பரசி கொதித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அச்சட்டம் உடன்பாடன்று. அடைந்தவரைக் காப்பதே அறம் என்று கற்றவன் நான். எனினும் இன்று பரபக்கம் உரைக்கும் முறை என்னுடையது.

நன்றாகவே உரைத்தேன். பொதுச்சொத்து உழைப்பால் ஆவது. உழையாதவன் அதில் பங்கு கொள்வது பிறன் உழைப்பைத் திருடுவது. இரக்கம் அவரவர் வீட்டுச் செல்வத்தில் காட்டத்தக்கது. பொதுவில் காட்டும் இரக்கம் அயலான் கலத்துச் சோற்றைத் தானம் செய்வது. பஞ்சம் வருங்கால் முதலில் நிறுத்தத்தக்கது உழையாதவன் பங்கே. இவ்வாறு படிப்படியாகக் கட்டி முடித்தபோது கீழே சிரிப்பொலி இல்லை.

“அடேங்கப்பா. சூப்பர் சாமி. முழு சம்மதம். அப்படியே செஞ்சிடலாம். என் பேரையும் சேத்துக்கோ.”

எள்ளலாகச் சொல்லிவிட்டு ஒலிபெருக்கியை அணைத்தார். மறுப்பை நாளைக்கு வைத்தேன். அவர் எதிர்வாதம் செய்யாமல் போனது குறித்து எனக்கு உவகை உண்டாயிற்று.

நாள் 122. காலை 7.30

சூரியப் புயல். மின்தகடுகளிற் பெரும்பகுதி கருகிற்று. பூமியை நோக்கிய அலைக்கம்பம் அழிந்தது. நிருவாகத்தைக் கேட்க வழியில்லை. வெளியே கதிர்த்துகள் மழை. விண்ணுடை அணிந்து கீழ்நிலையத்திற்கு இறங்கினாலும் வழியிலேயே உயிர் போகும். எஞ்சிய மின்சாரம் மூன்று காற்றுப்பொறிகளுள் இரண்டுக்கே போதும். சந்நிதி விளக்கை அணைத்தேன்.

நடுவரின் அறிவிப்பு, சொல் மாறாமல்:

“பற்றாக்குறை. உழைக்காதவரின் பங்கு முதலில் நிறுத்தப்படும் என்பது இரு தலைவரின் ஒப்பம். நோயறையில் இருப்பவர் உழைக்கவில்லை. நோயறைப் பொறி மாலை ஆறு மணிக்கு நிறுத்தப்படும்.”

நாள் 122. காலை 9.15

நடுவரிடம் நான் சொன்னது: அது என் கருத்தன்று, பரபக்கம், மறுப்பு இன்றைக்கு வரவிருந்தது.

நடுவர்: “மறுப்பு பதிவில் இல்லை.”

மறுப்பை இப்போதே சொன்னேன். இன்பரசியும் தான் சொன்னது கிண்டல் என்றார். பதில் இதுவே: “இருவரும் பழைய ஒப்பத்தை விலக்குவதாகப் பதிவு செய்தேன். இரண்டு பொறிகளுக்கே மின்சாரம் உண்டு. நிறுத்தத்தக்கது எது? ஒப்பம் இல்லையேல் பழைய ஒப்பம் தொடரும்.”

எதையும் நிறுத்தாதே என்று இருவரும் ஒருமித்துச் சொன்னோம். “இயலாது” என்றது. எல்லோருக்கும் குறைத்துக் கொடு என்றோம். “பாதி மின்சாரத்தில் பொறி ஓடாது” என்றது.

இன்பரசி நோயறைப் பொறியின் மின்விசைப் பெட்டியை உடைக்கப் போனார். திரும்பி வந்து பேசினார்.

“கம்பி வச்சி நெம்பிப் பாத்துட்டேன். பூட்டு அதுங்கிட்ட இருக்கு. நகம் பேந்ததுதான் மிச்சம். எல்லாம் உன் ரெண்டு நாள் கடையால வந்தது, கெழவா. வாயா அது?”

எனக்கும் அவரைச் சுடும் சொல் ஒன்று தோன்றியது. உரைத்தேன்.

“நீங்க நக்கல் பண்ணாம ஒரு நாள் வாயை மூடியிருந்தா இது வந்திருக்காது.”

இதன்மேல் பேசியவை பதிவுக்கு உரியன அல்ல.

நாள் 122. நண்பகல் 12.20

கூடத்தில் அறுவர். அதை நிறுத்தும் பேச்சுக்கே இடமில்லை. எஞ்சியவை நோயறைப் பொறியும் என் பொறியும். கணக்கு எளிது. என் பொறியை நானே அணைக்க இயலாது; அதன் பூட்டும் நடுவரிடமே. நடுவரிடம் உரைத்தேன்: “உச்சி நிலையத் தலைவன் உழைக்காதவன். தொம்மை உழைப்பால் வெந்தவர். நிறுத்தத்தக்கது என் பொறி.”

நடுவர்: “உச்சி நிலையத் தலைவர் உழைக்காதவர் என்பது கீழ்நிலையத் தலைவி பலமுறை கூறியது. தாங்கள் ஒவ்வொரு முறையும் மறுத்தீர்கள். இப்போது ஏற்கிறீர்கள். கீழ்நிலையத் தலைவி மீண்டும் கூறினால் ஒப்பம் ஆகும்.”

நான்கு மாதமாக நாள்தோறும் அவர் வாயில் வந்த சொல். அதைத்தான் கேட்டேன்.

“மாட்டேன்.”

“நீங்க தினம் சொல்றதுதானே, அம்மணி.”

“தினம் சொல்லுவேன். இன்னிக்கி சொல்ல மாட்டேன். தகட்ட யார் தொடைக்கிறா? வடத்த யார் பாத்துக்கறா? நீ வேலை செய்யிற. நடுவரே, நல்லா எழுதிக்க. இந்தாளு வேலை செய்யிறான்.”

“தொம்மை சாவார்.”

“ஒத்தனக் காப்பாத்த ஒத்தன ஓட்டுப் போட்டுக் கொல்லணும்னா அந்த ஓட்டே எனக்கு வாணாம். வேற வழி பாப்போம்.”

தொம்மை இடையில் பேசினார். மூச்சு வாங்கிற்று.

“பெரியவரே, எனக்காவ நீங்க சாவாதீய. நான் சொகமாத்தான் இருக்கேன்.”

மணப்பாடு என்னும் கடற்கரை ஊரில் மனைவியும் இரண்டு பெண்மக்களும் உள்ளவர். எனக்கு எவருமில்லை. அத்துடன், அவருடைய காற்றை நிறுத்தும் வாதத்தைக் கட்டியவன் நான்.

நாள் 122. மாலை 4.50

வேறு வழி இல்லை. கருகிய தகடுகளை இணைத்துப் பார்த்தேன்; பயனில்லை. இன்பரசி இன்னும் மறுக்கிறார். கேட்டால் மறுப்பார். கெஞ்சினால் இன்னும் உறுதியாக மறுப்பார். அவர் இணங்கிச் சொல்லமாட்டாதது சினந்தால் வரும். இதனை நான் நன்கு அறிவேன். இத்தனை மாதம் வேறெதை அறிந்தேன்.

ஐந்தெழுத்தை ஓதினேன். வடத்தின் பேசியை எடுத்தேன்.

நாள் 122. மாலை 5.35

பேசியதை ஒளியாது எழுதுகிறேன்.

“உங்கப்பா வேலைநிறுத்தம் பண்ணி ஜெயில்ல செத்தாருன்னு பெருமையாச் சொல்வீங்களே. அவர் தொழிலாளிக்காகச் சாகலை. கைதட்டலுக்காகச் செத்தார்.”

“சாமி. வாணாம்.”

“அவர் பின்னாடி வந்த வீடுங்க பட்டினி கிடந்துச்சே, அதை அவர் எண்ணினாரா? நீங்களும் அதே ரத்தம். உங்க கை சுத்தமா இருக்கணும், அவ்வளவுதான். தொம்மை செத்தா மாலை போட்டு ஒரு கூட்டம் போடுவீங்க. நீங்க பேசுவீங்க. கைதட்டுவாங்க.”

பிறகு அவர் குரல், நான் இதுவரை கேளாத குரல்.

“ஆமாய்யா. நீ தெண்டம். ஒரு வேலையும் செய்யாத தெண்டச்சோறு. உன் காத்தப் புடுங்கினா ஒருத்தனுக்கும் ஒண்ணும் கொறையாது. போய்ச் சாவு.”

நடுவர்: “ஒப்பம் பதிவாயிற்று. நோயறைப் பொறி தொடரும். உச்சி நிலையப் பொறி ஆறு மணிக்கு நிறுத்தப்படும்.”

“இல்ல. இல்ல, நடுவரே. கோவத்துல சொன்னேன்.”

நடுவர்: “சினத்தில் வருவதே மெய்க்கருத்து என்பது இரு தலைவரின் ஒப்பம்.”

“கெழவா. ஏமாத்திட்டல்ல. ஏமாத்திட்டல்ல நீ.”

நான் விடை சொல்லவில்லை. ஒரு சொல் தவறினால் ஒப்பம் மீண்டும் குலைந்துவிடும். வடத்தின் பேச்சு இணைப்பை மட்டும் துண்டித்தேன்.

நாள் 122. மாலை 7.10

பொறி நின்றது. அறை குளிர்கிறது. கரியமில வாயு ஏறுகிறது, தலை கனக்கிறது. விண்ணுடையில் எஞ்சிய காற்றைச் சிறிது சிறிதாகச் செலவிடுகிறேன்.

இருட்டில் எழுத இயலாமல் இருந்தேன். சற்றுமுன் சந்நிதி விளக்கு தானே எரிந்தது. நடுவரைக் கேட்டேன்.

“விளக்கின் மின்சாரம் கீழ்நிலையத் தலைவியின் சொந்தப் பங்கிலிருந்து வருகிறது. இதற்கு ஒப்பம் தேவையில்லை.”

அவ்வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

நாள் 122. நேரம் பார்க்கவில்லை

கண்டெடுப்பவர்க்கு. இதனை இன்பரசிக்கு உரக்க வாசித்துக் காட்டவும். நடுவர் கேட்கும் இடத்தில் வாசிக்கவும்.

அவர் தந்தையைப் பற்றி நான் கூறியது பரபக்கம். ஒரு குறையும் வையாது கட்டினேன். மறுப்பை நாளைக்கு வைக்க இம்முறை நாளை இல்லை.

வாக்குரிமை பற்றி நான் சொன்னவை பரபக்கம் அல்ல. அவற்றில் எனக்கு மாற்றமில்லை. அதையும் சொல்லவும். சினப்பார். சினக்கட்டும்.

மறுப்பு வருமாறு.

ஒன்று: கைதட்டலுக்காகச் சாகிறவர் சிறையில் சாகார். அங்கே தட்ட ஆளில்லை.

இரண்டு: தன் கை சுத்தமாக இருக்கவேண்டும் என்பவர் கம்பியால் நெம்பி நகத்தைப் பெயர்த்துக்கொள்ளார். இது தந்தைக்கு மறுப்பு அன்று. மகளுக்கு. இருந்தாலும் எழுதுகிறேன்

மூன்றாவது ஒன்று இருந்தது. வலியது. இதை முதலில் வைத்திருக்க வேண்டும். பட்டினி கிடந்த வீடுகள் என்றேனே, அவ்வீடுகளை அவர்

மூன்று: அவர்