அஸருக்கு முள் நின்ற இடம்

ஜூன் 7, திங்கள்

விடிந்ததிலிருந்து மேற்கே இருந்து கச்சான் காற்று. கொடியில் போட்ட வெள்ளைச் சாரி இரண்டு தரம் மணலில். என் புருஷன் இறந்து, வெளியே போகாமல் இத்தாவில் இருக்கும் பதினெட்டாம் நாள்.

கூடப்பிறந்த மூத்தவர், காக்கா வந்தார். கெம்பஸில் படிப்பிக்கிற சேர் ஆள் அனுப்பிக் கேட்டாராம், மீட்டரைத் திருப்பி எடுக்கவா என்று. எந்த ஊரில் அன்டெனா எவ்வளவு பவர் பிடிக்கிறது என்று பார்க்க, உயரமாகப் பைப் போட்ட வீடுகளுக்கு ஒவ்வொரு மீட்டர் கொடுத்தவர். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு முள் நிற்கிற இடத்தை எழுத வேண்டும். முப்பது நாள். இவர் எழுதியது பதினெட்டு. மிச்சம் இல்லாவிட்டால் அந்தத் தாள் சேராது, வீசுவார்களாம்.

அவர் எழுதிய கொப்பி மௌத்து வீட்டிலேயே சேரிடம் போய்விட்டது. மீட்டர் மட்டும் என் அறையில், டிவிக்குப் பக்கத்தில்.

நான் எழுதுகிறேன் என்றேன். காக்கா பென்சில் சீவித் தந்தார்.

அஸர். 26.

ஜூன் 8, செவ்வாய்

வெயில். கீரி மீன் வந்தது, பொரிக்கவில்லை. புளியாணம் மட்டும்.

26. சரியாகப் பார்த்தேனா தெரியாது. அவர் முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார், நாற்பத்தொண்டு, நாற்பத்தொண்டு என்று. அடுப்படியில் இருந்து எத்தனை நாள் கேட்டேன். இப்போது 26. ஐந்தாம் வகுப்போடு நின்ற கண்.

எனக்கு மூத்தவள் ராத்தா வந்து பார்த்துவிட்டு, “இத்தாவில இருக்கிற பொம்புள முள் பாக்கிறதாங்கா? ஊர் என்ன கதைக்கும்?” என்றாள். காக்கா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, “முள் என்ன ஆம்புளையா?” என்றார். ராத்தா சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

தேங்காய் எண்ணெய் முடிந்தது. சொல்ல வேண்டும்.

ஜூன் 11, வெள்ளி

ஜும்ஆ பாங்கு கேட்டது. மூன்று வெள்ளி ஆகிவிட்டது.

யாருக்கும் சொல்லாததை இதில் எழுதுகிறேன். அவர் மௌத்தான வெள்ளி, பின்னேரம் ராத்தாவின் பிள்ளைகள் படம் பார்க்க வருவதாக இருந்தது. பகல் டிவியைப் போட்டுப் பார்த்தேன். ஒரே புள்ளி. ஜும்ஆவுக்குப் போகத் தொப்பியை எடுத்தவரிடம், படம் தெரியவில்லை, கொஞ்சம் பாருங்கள் என்றேன். வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, அன்டெனாப் பைப் கட்டிய தென்னையில் ஏறினார். காற்று இன்றையைப் போல. விழுந்தார். பொழுது சாய்ந்து மஃரிப் சொல்ல முதலே முடிந்துவிட்டது.

படம் பார்க்கப் போய் மௌத்தானவர் என்று பஸாரில் பேச்சாம். அவருடைய ரேடியோக் கடையைக் காட்டிக் காட்டிச் சொல்கிறார்களாம். அவர் படம் பார்த்ததே குறைவு. கேட்டது நான்.

25.

ஜூன் 13, ஞாயிறு

25. காக்கா மாவடிப்பள்ளிக்கு, வயலுக்குத் தண்ணீர் கட்ட. போகிற வழியில் சேருக்குச் சொல்லி அனுப்பச் சொன்னேன்: என் கணக்குப் பிழை போல, அதைச் சேர்த்து அவருடையதைப் பழுதாக்க வேண்டாம்.

ஜூன் 14, திங்கள்

சேரே வந்துவிட்டார். சிக்னல் அனுப்புகிற ஆய்வுகூடத்துப் பெட்டி ஒன்றோடு. கூட ஒரு ஆள், இடுப்பில் கயிறு. என் புருஷனுக்குக் கயிறு இருக்கவில்லை.

அறைக்கும் மண்டபத்துக்கும் நடுவே திரை. நான் இந்தப் பக்கம் மீட்டரோடு. காக்கா நடுவில் நின்று சேர் சொல்வதை எனக்கும், நான் சொல்வதைச் சேருக்கும்.

முதலில் மீட்டரையும் என்னையும் சோதித்தார். அன்டெனா வயரைக் கழற்றி, பெட்டியின் வயரைக் காக்கா பூட்டினார். பெட்டி எவ்வளவு அனுப்புகிறது என்று சேருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. முப்பது என்றேன். பிறகு நாற்பது. பிறகு முப்பத்தைந்து. மூன்றும் சரி. “தங்கச்சிட கண்ணில பிழை இல்ல” என்றார் சேர்.

பிறகு அன்டெனா வயரைப் பூட்டி, அந்த ஆள் தென்னையில் ஏறினான். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். மேலே மெதுவாகத் திருப்புகிறான், நான் முள்ளைச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து. இருபத்தொன்பது. முப்பத்தாறு. காற்றில், முற்றத்துக்குப் போய் நின்ற காக்காவுக்குக் கேட்கவில்லை. நானே கத்தினேன்: “நாற்பத்தொண்டு, நில்லுங்க!” அந்நிய ஆண் கேட்க என் குரல். ராத்தா அடுப்படியில் கரண்டியைப் போட்டாள்.

அன்டெனா திரும்பிக் கிடந்ததாம். ஆணி இளகி, காற்றுக்கு.

எந்த நாள் திரும்பியது என்று கேட்டேன், காக்காவைக் கேட்கச் சொல்லாமல் நேரே. சேர் கொப்பியைப் புரட்டினார். அவருடைய கடைசி வாரத்தைப் படித்தார். திங்கள் 41. செவ்வாய் 41. புதன் 33. வியாழன் 27.

“வியாழன் பக்கத்தில சின்னதா ஒண்டு எழுதிக் கிடக்கு” என்றார். “ஆணி இறுக்க. வெள்ளி.”

“அது வியாழன் எழுதினதா, வெள்ளி எழுதினதா?” என்றேன்.

சேர் கொப்பியைத் திரைக்குக் கீழால் தள்ளிவிட்டார். ஒரே பேனை, ஒரே மை, ஒரே வரி. 27க்குப் பிறகு நிறுத்தாமல் எழுதியது. வெள்ளிக்குக் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார்.

புதனும் வியாழனும் அவர் நாற்பத்தொண்டு என்று சொல்லவில்லை. இப்போது ஞாபகம் வருகிறது. மீன் பொரிகிற சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

சேர் கொப்பியை என்னிடமே விட்டுவிட்டுப் போகும்போது சொன்னார், குறைந்த நாளையும் அப்படியே எழுதுவதாம், வீசுவதில்லையாம்.

ஜூன் 15, செவ்வாய்

41. தலையிடி. நான் சொல்லாவிட்டாலும் ஏறியிருப்பார். சொன்னேன்தான். இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

ராத்தாவிடம் வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள்.

ஜூன் 18, வெள்ளி

காற்று இல்லை. தென்னோலை அசையவில்லை. காக்கா நாளைக்கு மீட்டரைக் கொண்டுபோய்க் கொடுப்பார். பழைய துணியில் சுற்ற வேண்டும். கொப்பியில் அந்த வெள்ளிக்கு விட்ட இடத்தை அப்படியே விட்டு, கீழே எழுதி வந்தேன்.

அஸர். முப்பதாம் நாள். சத்தமாகச் சொல்லிவிட்டு எழுதினேன். 41.