சீமாட்டியை அனுப்பும் செலவு

என் மூத்த மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று போட்டால்தான் அது கடிதம் என்று உன் அப்பா சொல்வார், அதனால் போட்டுவிட்டதாக வைத்துக்கொள். மாப்பிள்ளை சௌக்கியமா, உன் மகளுக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா. உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. நாலு பக்கம் எழுதியிருந்தாய். அதில் மூன்றே முக்கால் பக்கம் குதிரையைப் பற்றி, மிச்சம் கால் பக்கத்தில் உன் கையெழுத்து, முகவரி, அப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும் என்று ஒரு வரி. சொன்னேன். முழுக் கடிதத்தையுமே அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டினேன். பதில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்பது உனக்கு மறந்திருக்கலாம், அங்கே உனக்கு ஆயிரம் வேலை. சீமாட்டியை அங்கே அனுப்ப என்னென்ன வழி, எதற்கு என்ன செலவு என்று விசாரித்து ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருந்தாய். உங்கள் சவாரிப் பள்ளியில் இருந்த கிழட்டுக் குதிரை நொண்டியாகிவிட்டது, சின்னப் பிள்ளைகள் ஏறினால் ஆடாமல் நிற்கிற குதிரை வேண்டும், அது நம் சீமாட்டிதான் என்றாய். வாஸ்தவம், அவளைப் போலச் சாது எங்கே தேடினாலும் கிடைக்காது. என் பதினாறு வயதில் அப்பா வாங்கிக் கொடுத்தது, சட்டப்படி என் பேரில் இருக்கிறது என்றும் எழுதி, அடியில் கோடு போட்டிருந்தாய். கோடு ரொம்ப நேராக இருந்தது. ஸ்கேல் தேடி எடுத்து வைத்துப் போட்டிருப்பாய், பாவம்.

விசாரித்தேன். கையில் நோட்டுப் புத்தகத்தோடு நாலு நாள் அலைந்தேன். எங்கள் ஊர்ப் பணத்தில் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும், உன் ஊர்ப் பணத்தில் சொன்னால் எனக்கு மயக்கம் வரும், அதனால் ஆயாவின் சம்பளத்தை வைத்துச் சொல்கிறேன். உன் அப்பாவைப் புரட்டிப் போடவும் துடைத்துவிடவும் வருகிறாளே, அவளுடைய ஒரு மாதச் சம்பளம்தான் ஒன்று என்று வைத்துக்கொள். விமானத்தில் சீமாட்டி தனியாகப் போனால் ஐம்பத்தெட்டு ஆயா மாதம். மூன்று குதிரைகளை ஒரே பெட்டியில் நிறுத்திப் பங்கு போட்டால் இருபத்திரண்டு, ஆனால் அந்தப் பக்கம் போகிற இன்னும் இரண்டு குதிரை கிடைக்கிற வரை காத்திருக்க வேண்டும். அதற்கு மேல் ரத்தப் பரிசோதனை, முன்னும் பின்னும் தனிக் கொட்டடியில் அடைத்து வைக்கிற செலவு, கூடப் போகிற ஆளின் டிக்கெட். ஏஜெண்ட் ஆபீஸில் கண்ணாடி போட்ட பையன் இதையெல்லாம் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டு, இன்ஷூரன்ஸ் போட்டுக்குங்கம்மா, வழியில போயிட்டாலும் பணம் வந்துடும் என்று ஆறுதல் சொன்னான். நீ பக்கத்தில் இருந்திருந்தால், அதை என் மகளிடம் சொல், அவளுக்குத்தான் இந்தக் கணக்கு புரியும் என்று அவனிடம் சொல்லியிருப்பேன். ரயிலில் அனுப்பலாமா என்று போய்க் கேட்டேன். இப்போதெல்லாம் குதிரைக்கு வண்டி கிடையாதாம், கவுண்ட்டரில் இருந்த பெண் நீளம் அகலம் சொல்லுங்க, பார்சல்ல போட முடியுதான்னு பார்க்கிறேன் என்றாள். அவளும் யாருக்கோ மூத்த மகளாக இருப்பாள். முழுக்கக் கப்பலில் என்றால் பன்னிரண்டு ஆயா மாதம். ஆனால் குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உனக்குத் தெரிந்ததுதான். கடல் ஆடினால் வயிற்றில் இருப்பதை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு நிற்கும். என்னைப் போல. அது வேண்டாம் என்று நானே அடித்துவிட்டேன். லாரியில் இரண்டு விதம். பங்கு லாரி ஆறு ஆயா மாதம்தான், மலிவு, ஆனால் அங்கங்கே நின்று மற்றவர்களுடைய குதிரைகளை ஏற்றி இறக்கிக்கொண்டு ஒன்பது நாள் சுற்றும். தனி லாரி என்றால் பதினாலு, இரண்டு டிரைவர், மூன்று எல்லை, கடலைத் தாண்ட லாரியோடு படகில் ஏறி ஐந்து மணி நேரம், நாலாம் நாள் உன் வாசலில். லாரிக்கார மீசை இன்னொரு வழியும் சொன்னார். உங்க பொண்ணே வந்து, வாடகைக்கு வண்டி எடுத்துப் பின்னால மாட்டி ஓட்டிட்டுப் போனா நாலுல முடிஞ்சிடுமேம்மா, அப்பாவையும் ஒரு எட்டு பார்த்த மாதிரி இருக்கும் என்றார். அவளால் அவ்வளவு பணம் செலவழிக்க முடியாது என்றேன். அவருக்குப் புரியவில்லை, பதினாலைவிட நாலு குறைவுதானே என்று விரல் விட்டு எண்ணினார். போன வருஷம் அப்பா பக்கவாதம் வந்து விழுந்தபோது டிக்கெட் விலையைச் சொல்லி நீ எழுதிய கடிதத்தை மீசை படித்ததில்லை.

இனி நீ கேட்காததையும் எழுதுகிறேன். உன் அப்பாவுக்கு வலது கை வராது என்று டாக்டர் கைகழுவிவிட்டார் என்று முன்பே எழுதியிருந்தேன். சீமாட்டி தினமும் காலையில் ஆறு மணிக்கு லாயத்தில் இருந்து தானே நடந்து வந்து, அவர் கட்டில் பக்கத்து ஜன்னலில் தலையை நுழைக்கிறாள், அப்போது மட்டும் அந்தக் கை ஒரு சாண் எழுந்து அவள் மூக்கைத் தொடுகிறது என்றும் எழுதியிருந்தேன். அதற்கு நீ, அதே பலன் தரும் பயிற்சி ஏதாவது இருக்கும், பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள் என்று அந்த நாலு பக்கக் கடிதத்திலேயே பதில் போட்டாய். கேட்டேன். ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள். பந்தைப் பார்த்து உன் அப்பா கையைத் தூக்கவில்லை. அன்றே சீமாட்டி போகக் கூடாது என்று நான் முடிவு செய்துவிட்டேன். ஆனால் வேண்டாம் என்று நானாகச் சொன்னால் நீ அடியில் போட்ட அந்தக் கோட்டைக் காட்டுவாய். அதனால் தந்திரம் செய்தேன், வெட்கப்படவில்லை, சொல்கிறேன். நீ சின்னவளாக இருந்தபோது பட்டப்பகலில் ஒரு திருட்டு லாரி வந்து லாயத்தில் இருந்த கறுப்புக் குதிரையை ஏற்றிக்கொண்டு போனது உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு உன் அப்பா தன் கையில் பழகுகிற எந்தக் குதிரையையும் தன் சத்தம் கேட்டால் ஒழிய வண்டியில் ஏறாதபடிதான் பழக்கினார். நாக்கை மேலே ஒட்டி இரண்டு சொடுக்கு, பிறகு அடித்தொண்டையில் நீளமாக ஒரு முனகல். லாடம் அடிப்பதைக்கூட நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்தார், இதை யாருக்கும் கொடுக்கவில்லை. எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை. இப்போது வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கிடக்கிறார், ஒன்பது மாதமாக அம் என்றுகூட ஒரு சத்தம் வந்தது கிடையாது. ஆகவே ஏற்றிப் பார்க்கலாம் வாருங்கள் என்று மீசையைக் கூப்பிட்டேன். ஏறாது என்று எனக்குத் தெரியும். ஏறவில்லை, என்ன செய்யட்டும் என்று உனக்கு எழுதி முடித்துவிடலாம் என்று இருந்தேன்.

மீசை மூன்று ஆட்களோடு வந்தார். லாரியின் சாய்வுப் பலகையை இறக்கி, வைக்கோல் பரப்பி, சர்க்கரைக் கட்டியைக் காட்டினார்கள். சீமாட்டி சர்க்கரையை வாங்கித் தின்றுவிட்டு நின்ற இடத்தில் நின்றாள். கயிறு போட்டு இழுத்தார்கள், கண்ணைக் கட்டிப் பார்த்தார்கள், பின்னால் இரண்டு பேர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள், ஒருவன் விளக்குமாற்றால் ஒரு போடு போட்டான். இரண்டு மணி நேரம். இது ஏறாதும்மா, பூட்டுப் போட்ட மாதிரி நிக்குது என்று மீசை வேர்வையைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. அதோடு விட்டிருக்க வேண்டும். என் கொழுப்பு, உன் அப்பாவும் பார்க்கட்டும் என்று தோன்றியது. நீங்கள் ராணி மாதிரி வளர்த்த மகள் கேட்டாளே, பாருங்கள், உங்கள் குதிரையே போகமாட்டேன் என்கிறது என்று காட்ட வேண்டும் போல இருந்தது. சக்கர நாற்காலியில் வைத்து முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவர் லாரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தது, மறுபடியும் ஏதோ வந்துவிட்டது என்று நான் பயந்து ஆயாவைக் கத்திக் கூப்பிட்டேன். அப்போது இரண்டு சொடுக்கு கேட்டது. ஈரமான, கோணலான சொடுக்கு. பிறகு அந்த முனகல். சீமாட்டி காதை நிமிர்த்தினாள், நாலு பேரையும் உதறிவிட்டு, தன் லாயத்துக்குள் போகிற மாதிரி பலகையில் ஏறிப் போய் லாரிக்குள் நின்றாள். ஆட்கள் கைதட்டினார்கள். வாயில் எச்சில் ஒழுக அவர் என்னைப் பார்த்தார். முப்பத்தாறு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவள் நான், ஒன்பது மாதமாக மலமும் சலமும் எடுக்கிறவள் நான், தண்ணீர் வேண்டுமா என்றால்கூட எனக்கு ஒரு சத்தம் கொடுக்காத மனுஷன் உனக்காகக் கொடுத்தார். வயிறு எரிந்தது என்று எழுதுவதில் எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது. எரிந்தது.

இறக்குங்கள் என்றேன். மீசை என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பணம் கொடுப்பது நான், இறக்குங்கள் என்றேன். இறக்கிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு சீமாட்டி ஒன்றும் நடக்காதது போல ஜன்னலுக்கு வந்தாள். உன் அப்பா கையைத் தூக்கவில்லை. முடியாமல் இல்லை, எனக்குத் தெரியும், விரல் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. குதிரையைப் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்தார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. பதினொரு நாள். அவள் மூக்கை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, ஏழு மணிக்குத் திரும்பிப் போவாள். திட்டினேன், கெஞ்சினேன், சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தேன். பயிற்சிக்கு வரும் பெண் கையை அமுக்கிப் பார்த்து, இப்படியே விட்டால் இருக்கிற கொஞ்சமும் மரத்துப்போகும் என்றாள். பன்னிரண்டாம் நாள் அவர் காதுக்குப் பக்கத்தில் போய், அனுப்புகிறேன், உங்கள் மகளுக்கே அனுப்புகிறேன், இனி நான் மறிக்கமாட்டேன் என்றேன். அடுத்த நாள் காலையில் கை எழுந்தது. ஒரு சாண் இல்லை, ஒன்றரைச் சாண்.

தனி லாரி சொல்லிவிட்டேன். பங்கு லாரி உனக்கு மிச்சம், ஆனால் அவளை ஒன்பது நாள் நிற்க வைத்துப் பணம் மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியம் உனக்கும் இருக்காது என்று நினைக்கிறேன். முன்பணம் என் வளையலை வைத்துக் கொடுத்தேன், மீதியை நீ இறக்கும்போது கொடு. பத்தாம் தேதி காலை ஏழு மணிக்கு லாரி வரும், உன் அப்பாவே சத்தம் கொடுத்து ஏற்றிவிடுவார், அதற்கு முன்னால் ஆறு மணிக்கு ஜன்னலில் கடைசித் தடவை கை எழும். நன்றாகக் கேட்டுக்கொள், நான் தடுத்தால் அவர் கையை மடக்கிக்கொள்கிறார், நான் அனுப்பினால் கையைத் தூக்க ஜன்னலில் யாரும் இருக்கமாட்டார்கள். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கை போய்விடும். நீ வேண்டாம் என்று சொன்னால் மட்டும்தான் அவர் கோபம் இல்லாமல் சம்மதிப்பார், நீ சொல்வதற்கு அவரிடம் மறுபேச்சு இருந்ததில்லை. நான் உன்னிடம் கெஞ்சவில்லை. விலை கேட்டாயே, ஒரு விலை விட்டுப்போகக் கூடாது என்று எழுதுகிறேன்.

அங்கே குளிர் அதிகம் என்றாய், காதை மூடிக்கொண்டு போ, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. தீர்க்காயுசாக இரு, உன் மகள் ஒரு குறையும் இல்லாமல் அப்படியே உன்னைப் போல வளரட்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன்.

ஞாபகம் வைத்துக்கொள், இந்தக் கடிதம் ஐந்தாம் தேதி உன் கைக்கு வரும், மீசை எட்டாம் தேதி சாயங்காலம் வரை பொறுப்பார், அதற்குள் நிறுத்தினால் முன்பணத்தில் கால் பங்கு மட்டும் பிடித்துக்கொள்வாராம். அது அரை ஆயா மாதம். நான் விசாரித்ததில் எல்லாவற்றையும் விட மலிவு அதுதான். நீ நிறுத்தமாட்டாய் என்று நினைத்து, ஒன்பதாம் தேதி அவள் பிடரி மயிரைச் சீவி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா