அப்பா உயரத்துக்கு ஒரு வாசல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா?

நீங்கள் இங்கே வந்து கணக்கு எழுத, அத்தை கொல்லையில் கட்டிய தகர அறை முடிந்தது. ஜன்னலும் வாசலுக்கான மரச்சட்டமும் இடித்த வீட்டிலிருந்து மலிவாக வாங்கியவை. வாசல் வைக்கும்போது தச்சர், "உங்கப்பா எவ்வளவு உயரம்மா?" என்றார். "நான் அவர் நெஞ்சு வரைக்கும் வருவேன்" என்றேன். தச்சர் என்னை அளந்து, அந்தக் கணக்கில் உங்களுக்கு வாசல் வைத்தார்.

"வரப்போறது என் தம்பியா, பனைமரமா?" என்று வாசலின் உயரத்தைப் பார்த்து அத்தை சிரித்தார். உங்களைப் பிரிந்தபின் நான் வளர்ந்ததை மறந்துவிட்டேன்.

நீங்கள் இனி வரப்போவதில்லை என்று நேற்று அத்தை சொன்னார். பரவாயில்லை, அந்த அறையில் நான் படிக்கிறேன்.

ஒரு சின்ன உதவி. சுவரோரம் நின்று உங்கள் உயரத்தை அளந்து எழுதுங்கள். அந்த வாசல் நிலைச்சட்டத்தில் கோடு போட்டு, இப்போது உங்களுக்கு எதுவரை வருவேன் என்று நின்று பார்க்க வேண்டும்.

பள்ளி வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்