பழுதான சுவரில் மூன்று தட்டல்

அக்கா,

இன்று காலை பொயிண்ட் குக் புறநகரில், புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கும் தெருவொன்றில் பேருந்தை நிறுத்திக் கதவைத் திறந்தேன். மழையில் ஊறிக் கிடந்த மரச்சட்டங்களின் வாடை உள்ளே வந்தது. புளித்த மாவும் நனைந்த சாக்கும் கலந்த வாடை. ஏற வேண்டியவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். நான் கதவை மூடவில்லை. முன்னிருக்கையில் இருந்த நம்ம ஊர் அம்மா ஒருவர், "ஏம்மா, இன்னும் யாராவது வரணுமா?" என்று கேட்டார். அப்போதுதான் கதவை மூடினேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கே, எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

நம் பழக்கம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் கார் நிறுத்துமிடத்தில் தொடங்கியது. உங்கள் மகனும் என் மகளும் உள்ளே படிப்பார்கள். நாம் உங்கள் காரில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் தேநீரைப் பங்குபோட்டுக் குடிப்போம். முதல்முறை நீங்கள் என்னை 'நீர்' என்றபோது, மேடை நாடகத்தில் ராஜா பேசுவது போல இருக்கிறதென்று சிரித்தேன். "மரியாதையாக் கதைச்சாலும் சிரிக்கிறீர்," என்றீர்கள். மதுரைக்காரிக்கும் கிளிநொச்சிக்காரிக்கும் இடையில் அந்த 'நீர்' கடைசிவரை இருந்தது. நான் கணவரை விட்டு விலகி வந்தவள். உங்கள் கணவர் போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். 'செத்தவர்' என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. வேறு யாராவது சொன்னால் பேச்சை நிறுத்தித் திருத்திவிட்டுத்தான் மேலே போக விடுவீர்கள்.

கிரெய்கிபர்ன் பக்கம் கேரவன் செய்யும் தொழிற்சாலையொன்றில், சுவர் பொருத்தும் பிரிவில் உங்களுக்கு வேலை. நிரந்தர விசா கைக்கு வந்த வாரமே என்னைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள்: "இனி எங்கையும் போகலாம். ஒருத்தரிட்டையும் கேட்கத் தேவையில்லை. ஒரு வண்டி வாங்குவம்." பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். பேருந்து ஓட்டுகிறவளுக்கு யூட் என்கிற சின்னச் சரக்கு வண்டியில் கேரவன் இழுப்பது பெரிய காரியமா? இருவருமாகச் சேர்ந்து அந்தப் பழைய ஃபிப்த் வீலர் கேரவனை வாங்கினோம். அதன் முன்பகுதி மட்டும் உயர்ந்து, யூட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். படுக்கையறை அந்த உயரத்தில்.

நகருக்கு வெளியே, ஒரு குதிரைப் பண்ணையின் தகரக் கொட்டகையில் அதை நிறுத்த இடம் கிடைத்தது. சுற்றிலும் புல்வெளிதான். விமானங்கள் தாழப் பறந்து போகும். அவை போன பிறகு வரும் அமைதியில் நம் மூச்சே பெரிதாகக் கேட்கும்.

வண்டியின் இடப்பக்கச் சுவர் வயிறு போலப் புடைத்திருந்தது. முன்பகுதி உயரத் தொடங்கும் மடிப்பில்தான் இழுவையின் பாரம் முழுக்க விழும் என்று எனக்கு விளக்கினீர்கள். அந்த மடிப்பில் வெளித் தகட்டில் விரிசல் விட்டு, அதன் வழியே வருடக்கணக்காகத் தண்ணீர் இறங்கியிருந்தது. இப்படியே ரோட்டில் ஏற்றினால் ஏதாவது ஒரு குழியில் முன்பக்கம் பிளந்துவிடும் என்றீர்கள்.

ஜூலை மாதம். பிற்பகல் இரண்டு மணி இருக்கும். நாம் இருவரும் படுக்கையறைக்குள் நின்றோம். நான் டார்ச்சைப் பிடித்திருந்தேன். மரம் எதுவரை உளுத்திருக்கிறதென்று பார்க்க நீங்கள் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தீர்கள். நல்ல இடத்தில் 'டொக்' என்றது, கெட்ட இடத்தில் 'பொத்' என்றது. படுக்கையின் தலைமாட்டுக்கு வந்ததும் மூன்றுமுறை தட்டினீர்கள்.

சுவருக்குள்ளிருந்து மூன்றுமுறை தட்டல் வந்தது.

"ஓம், வாறன்," என்றீர்கள்.

பயந்தவள் குரலில்லை அது. அடுப்படியில் கைவேலையாக இருக்கும் ஒருத்தி, திரும்பிப் பார்க்காமல் சொல்வது போல இருந்தது. நான் வெளியே ஓடி வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. பண்ணையின் கேட் பூட்டியபடியே கிடந்தது. திரும்பி வந்து, "யாருக்கு அக்கா பதில் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

பிறகு படியில் உட்கார்ந்தீர்கள். அன்றுதான் முதல்முறையாக அந்தக் கதையை எனக்குச் சொன்னீர்கள். இடம்பெயர்ந்து பலகையால் அடித்த ஒரு குடிலில் இருந்திருக்கிறீர்கள். பிள்ளை எழும்பிவிடக் கூடாதென்று உங்கள் கணவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். சமையலறைப் பலகையில் மூன்றுமுறை தட்டுவார். நீங்கள் போய்த் திறப்பீர்கள்.

"அண்டைக்கும் தட்டினவர். வாறன் எண்டு சொன்னனான். பிள்ளைக்குப் பால் கரைச்சுக் கொண்டிருந்தனான். கடைசிப் பால்மா. சிந்தாமல் கரைக்க வேணும் எண்டு ஒரு நிமிசம் பிந்தினனான். போய்த் திறந்தால் ஆளில்லை."

நான் உங்கள் கையைப் பிடித்தேன். தகடு குளிரில் சுருங்கும்போது சத்தம் வருமென்று நீங்களே சொல்லியிருக்கிறீர்களே என்றேன்.

"ஓம், தகரம் ஆறேக்க சத்தம் போடும்," என்றீர்கள். "எண்ணிப் போடாது."

மறுநாள் சுவரைப் பிரித்தோம். கூரை இறங்கிவிடாமல் உள்ளே இரண்டு ஜாக்கிகளை முட்டுக்கொடுத்துவிட்டு, வெளித் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். சட்டங்கள் கறுத்து, இன்று காலை வந்த அதே புளித்த வாடையோடு, தேநீரில் ஊறிய ரஸ்க் போல விரலுக்கே உதிர்ந்தன. வேறொன்றும் இல்லை. எலிக்கூடுகூட இல்லை. தலைமாட்டுப் பக்கம் மட்டும் கை நுழைகிற அளவுக்கு ஒரு வெற்றிடம். நான் கையை விட்டுப் பார்த்தேன். வெளியே உதடு வெடிக்கும் குளிர். அந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது. மரம் மக்கினால் சூடு வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்து நீங்கள் கையை விட்டீர்கள். இரண்டுமுறை கூப்பிட்ட பிறகுதான் எடுத்தீர்கள்.

அதன் பிறகு நீங்கள் சுவரை மூடவில்லை. முதல் வாரம், காய வேண்டும் என்றீர்கள். காய்ந்தது. புதுச் சட்டங்களை அளந்து அறுத்து அடுக்கிவைத்தீர்கள், ஒன்றைக்கூடப் பொருத்தவில்லை. நான் வரும்போதெல்லாம் பிரித்துப்போட்ட சுவருக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். பக்கத்தில் இரண்டு கோப்பை தேநீர் இருக்கும். ஒன்று எனக்கென்று நினைத்து ஒருநாள் எடுக்கப் போனேன். "அது உமக்கில்லை," என்றீர்கள். கோபமில்லாமல்தான் சொன்னீர்கள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

பயத்தில்தான் அன்று கத்தினேன். "இது வீடில்லக்கா, வண்டி! எலும்பத் தொறந்துபோட்டுட்டு எத்தன நாள் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க? நாம ஊர் சுத்தத்தானே இத வாங்கினோம்?"

"ஒருக்காப் பிந்தினது காணும்," என்றீர்கள். "திரும்பப் பிந்த ஏலாது எனக்கு."

நான் என்னிடமிருந்த கேரவன் சாவியைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மூன்று வாரம் உங்களைக் கூப்பிடவில்லை. அந்த மூன்று வாரத்தை என்ன செய்தும் திரும்ப வாங்க முடியாது.

ஒரு சனிக்கிழமை மனம் கேட்காமல் வந்தேன். சுவரின் கூடு முழுக்க எழுந்து நின்றது. புதுச் சட்டங்கள் பசையும் ஸ்க்ரூவும் போட்டு இறுகியிருந்தன. மடிப்பில் பழைய வண்டியில் இல்லாத எஃகுத் தகடுகளை முழங்கை போல வளைத்துப் பொருத்தியிருந்தீர்கள். அத்தனையும் தனியாக. உங்கள் முகம் காய்ச்சல் விட்டவர் முகம் போலத் தெளிந்திருந்தது.

"கதைச்சு முடிஞ்சுது," என்றீர்கள்.

"என்னக்கா சொன்னாரு?" எப்படியோ அந்தக் கேள்வி வாயிலிருந்து வந்துவிட்டது.

"அவர் ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான். பால் கரைச்சுக் கொண்டிருந்தனான் எண்டு." பிறகு ஒரு சட்டத்தை நீட்டினீர்கள். "இதைப் பிடியும்."

அடுத்த வாரம் வெளித் தகடுகளைப் பூட்டுவதாக இருந்தோம். அந்த வியாழக்கிழமை தொழிற்சாலைக்குக் கிளம்பும் நேரத்தில், உங்கள் வீட்டு வாசற்கதவைத் திறந்த கையோடு விழுந்துவிட்டீர்கள். மூளையில் இரத்தக்கசிவு என்றார்கள் மருத்துவமனையில். பக்கத்து வீட்டுப் பெண் சொன்னது ஒன்று. நீங்கள் கதவைத் திறந்ததை அவள் கண்டிருக்கிறாள். வெளியே நிற்கும் யாரையோ உள்ளே விடுவது போலச் சற்று ஒதுங்கி நின்றீர்களாம். பிறகுதான் சரிந்தீர்களாம். வாசலில் யார் நின்றது என்று கேட்டேன். ஒருவரும் இல்லை என்றாள்.

அக்டோபரில் நானே போய்த் தகடுகளைப் பூட்டினேன். நீங்கள் காட்டித் தந்தபடி கீழிருந்து மேலாக. ஒவ்வொரு இணைப்பிலும் பசை நாடாவை அழுத்தி, ஓரங்களில் தண்ணீர் புகாதபடி சீலன்ட் இழுத்தேன். உள்ளிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. வேலை செய்த மூன்று நாளும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

இனித்தான் நான் சொல்ல வந்த செய்தி.

ஜனவரியில் உங்கள் மகன் பிரிஸ்பனிலிருந்து வந்தான். வண்டியைப் பார்க்க வேண்டுமென்றான். கூட்டிப்போனேன். படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மா தனியாகவா இந்தச் சுவரைக் கட்டினார் என்று ஆங்கிலத்தில் கேட்டான். ஆமாம் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நீங்கள் பால் கரைத்ததையும், ஒரு நிமிடம் பிந்தியதையும், அதை இத்தனை வருடம் சுமந்ததையும் சொல்லிவிட்டேன்.

இந்தமுறை அவன் தமிழில் பேசினான். இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளையின் குரல் இல்லை அது.

"பலகைக்கு இடையில ஒரு நீக்கல் இருந்தது அன்ரி. அதுக்குள்ளால அப்பா என்னைப் பார்த்தவர். நான் முழிச்சுத்தான் கிடந்தனான். விரலை வாயில வைச்சு, சொல்லாதை எண்டு காட்டினவர். பிறகு தட்டிப்போட்டு உடனே திரும்பிப் போயிட்டார். நிக்கவே இல்லை. அம்மா வாறன் எண்டு சொல்லேக்க அவர் ரோட்டுக்குப் போயிட்டார்."

"நிக்கப் போறதில்லன்னா எதுக்குப்பா தட்டினாரு?"

"கூப்பிடத் தட்டேல்லை. போயிட்டு வாறன் எண்டு சொல்லத்தான்."

"இத்தன வருசம் ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

"அப்பா சொல்லாதை எண்டவர்," என்றான். ஐந்து வயதில் வாங்கிய கட்டளையை அந்த நிமிடம்வரை காப்பாற்றியிருக்கிறான். சொல்லிமுடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு, நீக்கல் ஒன்றும் இல்லாத அந்தப் புதுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் மூன்றுமுறை தட்டியது விடைபெறத்தான் என்றால், ஜூலையில் நாம் கேட்டது என்ன என்ற நினைப்பு எனக்கும் வருகிறது. அதற்கு மேல் யோசிக்காமல் எழுந்து ஏதாவது வேலை பார்க்கப் போய்விடுகிறேன்.

அடுத்த மாதம் உங்கள் மகனும் நானும் அந்த வண்டியில் மேற்கே போகிறோம். உங்கள் சுவர் தாங்கும். ஐம்பது கிலோமீட்டர் வெறும் வண்டியாக இழுத்துப் பார்த்துவிட்டேன், ஒரு முடியளவுகூட அசையவில்லை. அவன் கீழே சோபாவில் படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். தலைமாட்டுப் பக்கம் நான்தான். அங்கே படுத்துக்கொண்டு, உங்களிடம் கொடுக்க முடியாமல் என்னிடம் தங்கிப்போன இந்த ஒரு வரியை வாய்விட்டே சொல்லப் போகிறேன்: நீங்கள் பிந்தவே இல்லை அக்கா. அவர் கதவு திறக்கக் காத்திருக்கவில்லை.