சலேஹா சொன்ன மொத்த விலை

ஜார்ஜ் டவுன், பினாங்கு
14 நவம்பர் 1992

அன்பு மகன் அலாவுதீனுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து நல்லபடியாக இருக்கிறோம். பெர்த்தில் நீயும் மருமகள் ஆயிஷாவும் பிள்ளைகள் இரண்டும் அதேபோல் இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அத்தாவுக்குச் சீனி வியாதி இப்போது பரவாயில்லை, ஆனால் கடையில் யாரும் பார்க்காத நேரத்தில் தேத்தண்ணியில் டின் பால் ஊற்றிக் குடிக்கிறார், கேட்டால் ருசி பார்த்தேன் என்கிறார்.

லீவுக்கு வரும்போது எல்லாருமாகப் பத்து ஃபிரிங்கி கடற்கரையில் தங்கச்சி சலேஹா வேலை பார்க்கும் ஓட்டலில் மூன்று நாள் தங்கலாம், விலை கேட்டு எழுதுங்கள் என்று எழுதியிருந்தாய். கேட்டேன். பேப்பரில் போடுகிற விலை வேறு, கையைவிட்டுப் போகிற பணம் வேறு என்கிறாள் சலேஹா. அறை வாடகைக்கு மேல் சர்வீஸ் சார்ஜாம், அதற்கு மேல் அரசாங்க வரியாம், ஸ்கூல் லீவு என்றால் அதற்கென்று ஒரு கூடுதலாம், பிள்ளைகளுக்கு மெத்தை போட்டால் அதற்குத் தனி, காலைப் பசியாறல் அறைக்கு இரண்டு பேருக்குத்தான், மற்றவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு. எல்லாம் சேர்ந்தால் போட்டிருக்கும் விலை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தைப்பிங் மலை பங்களாவுக்குப் போனோமே, அங்கே ஒரு விலை சொன்னார்கள், கொடுத்தோம், அதோடு முடிந்தது. இப்போது காலம் அப்படி இல்லை. வீட்டிலேயே தங்குங்கள், கடலுக்கு ஒரு நாள் போய் வரலாம் என்பது என் எண்ணம், மற்றது உன் இஷ்டம். இப்படி ஒன்று விடாமல் விலை சொன்னதற்காக உன் தங்கச்சி பட்ட பாட்டை உனக்கு இதுவரை எழுதவில்லை, நீ அங்கே கவலைப்படுவாய் என்று அத்தா தடுத்துவிட்டார். இனி எழுதலாம்.

ஆகஸ்ட் லீவில் நிபோங் திபாலிலிருந்து சந்திரசேகரன் என்று ஒருவர் போன் பண்ணி அறை கேட்டிருக்கிறார். மாக் மண்டினில் பேக்டரி வேலை, மனைவி, நாலு பிள்ளைகள், மாமியார். போனை எடுத்தது சலேஹாதான். போனில் அறை வாடகையை மட்டும் சொல், மற்றதை வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் போட்ட உத்தரவு, அவளும் அப்படியே சொல்லியிருக்கிறாள். அவர்கள் பஸ் ஏறி, ஃபெரிக் கப்பல் ஏறி, மறுபடி பஸ் ஏறி வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் பஸ்ஸிலேயே மிதவையை ஊதி இடுப்பில் மாட்டிக்கொண்டு வந்தார்களாம். கவுண்டரில் மொத்தத்தைச் சொன்னதும் அந்த மனிதர் பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டாராம். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது அம்மா என்றாள். வாசல்வரை போன அவர் மனைவி மட்டும் திரும்பி வந்து கேட்டிருக்கிறார், “போன்ல பேசினது நீங்கதானே அக்கா? இந்தக் குரல்தான்.” ஆமாம் என்றிருக்கிறாள். நான் அப்போதே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது தப்பு என்றும் சொல்லியிருக்கிறாள். அவர்கள் வெயில் தாழும்வரை பொதுக் கடற்கரையில் இருந்துவிட்டு அன்றைக்கே ஊர் திரும்பிவிட்டார்கள். இவள் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லை. நான் காய்ச்சல் என்று நினைத்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து யார் போன் பண்ணினாலும் அறை இவ்வளவு, வரி இவ்வளவு, மெத்தை இவ்வளவு, மொத்தம் இவ்வளவு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். சிலர் நன்றி சொல்லி அறை எடுத்தார்கள், பலர் போனை வைத்துவிட்டார்கள். மேனேஜருக்குத் தெரியாமல் இருக்குமா. கூப்பிட்டுத் திட்டி, கவுண்டரிலிருந்து எடுத்து, பின்பக்கம் கீழே இருக்கிற துணி அறையில் துண்டு மடிக்கப் போட்டுவிட்டார். எஸ்பிஎம் பரீட்சையில் நல்ல கிரேடு வாங்கி, நாலு பாஷை பேசுகிற பிள்ளை. துணி அறையில் அவளோடு இருந்த நோர்மா அக்கா, மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே போய்விடுலா என்று தினமும் சொல்வாராம். எனக்கும் பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். வேலை போய்விட்டால் என்ன செய்வது, நாளைக்குப் பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்று படுத்தால் தூக்கம் வரவில்லை. அத்தா ஒருநாள் சட்டையை மாற்றிக்கொண்டு, வா, நானும் வருகிறேன், மேனேஜரிடம் இரண்டு பேரும் நல்லவிதமாகப் பேசுவோம், வியாபாரம் என்றால் அப்படித்தான் இருக்கும், ஓட்டல்காரனும் சம்பளம் கொடுக்க வேண்டாமா என்றார். அவள் குரலை உயர்த்தவில்லை. “அவங்க விலை கேட்டாங்க, நான் விலையைச் சொன்னேன். இதுல மன்னிப்புக் கேக்க என்ன அத்தா இருக்கு?” என்றாள். அத்தா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு முதன்முதலாக இது நாம் பெற்ற பிள்ளைதானா என்று அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

போன மாதம் சந்திரசேகரன் மறுபடி ஓட்டலுக்குப் போன் பண்ணியிருக்கிறார். அவர் அந்தப் பேக்டரி விளையாட்டு மன்றத்தின் செயலாளராம், வருஷக் கடைசியில் குடும்பங்களை எல்லாம் சேர்த்து எங்காவது கூட்டிப்போவார்களாம். சலேஹாவிடம் பேச வேண்டும் என்றிருக்கிறார். அவள் இப்போது கவுண்டரில் இல்லை என்று ஓட்டலில் சொன்னதும், தப்பை ஒத்துக்கொண்ட அந்தப் பிள்ளை விலை சொன்னால்தான் எங்கள் ஆட்கள் நம்புவார்கள், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று வைத்துவிட்டாராம். மேனேஜர் தானே துணி அறைக்கு இறங்கி வந்தார். வா, அவருக்குப் போன் போட்டுப் பேசு என்றார். இவள் மடித்துக்கொண்டிருந்த துண்டை மடித்து வைத்துவிட்டு, பேசுகிறேன், ஆனால் மொத்த விலையை அவருக்கு மட்டுமில்லை, கேட்கிற எல்லாருக்கும் சொல்வேன் என்றிருக்கிறாள். மேனேஜர், சரி, செய்து பார் என்று மேலே போய்விட்டாராம். சார்ஜ் எதையும் குறைக்கவில்லை, அது அவர்கள் வியாபாரம். ஆனால் அவளை மறுபடி கவுண்டரில் போட்டு, அங்கே மொத்த விலையை எழுதி ஒரு பலகை வைத்திருக்கிறார்கள், அவள் கையெழுத்து. நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் மலாய்க்காரக் குடும்பம் ஒன்றோடு பேசிக்கொண்டிருந்தாள், என்னைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் இது என் மகள் என்று சொல்லிவிட்டேன், அவருக்குத் தமிழ் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாசி கண்டார் சோற்றுக் கடையில் யாரும் விலை கேட்டுச் சாப்பிட்டதும் இல்லை, அத்தா சொல்லிப் போட்டதும் இல்லை, தட்டைப் பார்த்து அவர் வாயில் வருவதுதான் விலை. போன வெள்ளிக்கிழமை ஜொகூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று பெரிய மீன் தலையைக் காட்டியது. அத்தா கரண்டியைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தி, இந்தத் தலை இவ்வளவு வெள்ளிப் பணம் ஆகும், போடட்டுமா என்றார். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த காஜா மொய்தீன் திகைத்துப்போய் அவரையே பார்த்தான். அத்தா யார் முகத்தையும் பார்க்கவில்லை, என் முகத்தையும்.

மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் துஆவைச் சொல். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் கொடுப்பானாக. பிளேன் ஏறும் தேதி தெரிந்ததும் போன் பண்ணு, ஞாயிற்றுக்கிழமை பண்ணினால் சலேஹா வீட்டில் இருப்பாள், அவளிடம் இரண்டு வார்த்தை நீயே சொல். நான் சொன்னால் அம்மாதானே என்று சிரிக்கிறாள்.

உன் அம்மா,
ஹபீபா பீவி