பாண்டியம்மாள் அக்காவின் பக்கம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

பாண்டியம்மாள் அக்கா எழுதியது போய்விட்டது. இனித் திரும்பாது.

கட்டட வேலையில் இறந்தவர்களின் குடும்பங்கள் தாங்களே எழுதும் இணையதளம் எங்களுடையது. தொடங்கும்போதே, ஒவ்வொரு திருத்தத்துக்கும் முந்தைய பிரதியைச் சேர்த்து வைக்கும் மென்பொருள்தான் வேண்டும் என்று கூட வேலை செய்யும் செந்தில் தலைபாடாக அடித்துக்கொண்டான். நம் சின்ன சர்வர் தாங்காது என்று லேசான டேட்டாபேஸ் ஒன்றை நான்தான் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தேன். அதில் கடைசியாக யார் சேமிக்கிறாரோ, அவர் எழுதியது மட்டுமே நிற்கும்.

தன் கணவர் சாரத்திலிருந்து விழுந்ததை அக்கா பேரையூரிலிருந்து மூன்று நாளாக ஃபோனிலேயே தட்டித் தட்டி எழுதியிருக்கிறார். இன்று மதியம் அவர் கொழுந்தன், அக்கா எழுதிச் சேமிப்பதற்கு முன்பே தன் ஃபோனில் திறந்து வைத்திருந்த அதே பக்கத்தில் ஊர்ப்பெயரில் ஓர் எழுத்தைத் திருத்திச் சேமித்தார். அக்கா எழுதியது முழுக்க அழிந்தது.

காளவாசலில் இருக்கும் எங்கள் ஆபீசில் சாயங்காலம் வரை தேடினோம். பழைய பிரதி எங்குமே இல்லை. நானே அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.

“தப்பு என் மேலதான்க்கா. நீங்க சொல்லச் சொல்ல நானே டைப் பண்ணிக்கிறேன்.”

அக்கா மெதுவாகச் சொன்னார்.

“இம்புட்டு வருசத்துல இந்த ஒரு தடவதான் தாயி முழுசாச் சொல்லி முடிச்சேன். இன்னொருக்க என்னால ஏலாது. விட்ரு.”

மென்பொருளை மாற்ற இரண்டு நாள் போதும் என்கிறான் செந்தில். அதை அன்றைக்கே செய்திருக்கலாம். இப்போது அக்காவின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவர் கணவர் பெயரும் ஊரும் இருக்கின்றன. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.